இரண்டு கணினி, ஒரே முகவரி: சிதறிக் கிடக்கும் பழைய மெயில்களை பேக்கப் எடுத்து ஒன்றாக்க முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் சின்னதாகத் தொழில் நடத்தும் நம்மவர்கள் பலரின் நிலைமை இதுதான். பீனியாவில் பட்டறை, அதன் ஆபீஸ் அறையில் ஒரு டெஸ்க்டாப். ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ வீடு, அங்கே ஒரு லேப்டாப். மெயில் முகவரி மட்டும் ஒன்று. பகலில் பர்ச்சேஸ் ஆர்டர் டெஸ்க்டாப்பில் இறங்கும், ராத்திரி கொட்டேஷன் லேப்டாப்பிலிருந்து போகும். வருஷக்கணக்கில் இப்படியே ஓடிவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பழைய பெட்டியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று உட்காரும்போதுதான் எந்த மெயில் எந்தக் கணினியில் இருக்கிறது என்ற கேள்வியே வரும்.

உதவி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் 'இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுங்கள்' என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றாக்குவது கடைசியில் வரும் வேலை. அதற்கு முன்னால், இரண்டு பக்கமும் இருப்பதை இருந்தபடியே நகலெடுத்து, நகல் சரிதானா என்று பார்த்து, எத்தனை மெயில் என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். அந்தப் பாதியில் அவசரப்பட்டால் பிற்பாதி எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பயனில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் இணைப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றித்தான் இருக்கும். விளக்கங்கள் பெரும்பாலும் தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலை வைத்துத்தான். அது இலவசம், அதன் ஃபைல்கள் திறந்த வடிவத்தில் இருக்கின்றன. அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

இரண்டிலும் ஏன் வேறு வேறு மெயில்?

உங்கள் கணக்கு பாப் முறையில் இருக்கிறதா, ஐமேப் முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெயில் நிரலைத் திறக்கும் முன் நெட்டைத் துண்டித்துவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. தண்டர்பேர்டில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' போய், 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்தால் சர்வர் வகை தெரியும். போர்ட் எண் 995 என்றால் பாப், 993 என்றால் ஐமேப்.

ஐமேப் என்றால் மெயில் சர்வரில் இருக்கிறது, கணினியில் இருப்பது அதன் பிரதி. இரண்டு கணினியும் ஒரே பெட்டியைத்தான் காட்டும். பாப் அப்படி இல்லை. மெயிலைக் கணினிக்கு இறக்கிவிடும், சர்வரில் சில நாள் மட்டும் விட்டுவைக்கும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் இந்தக் கெடு வழக்கமாக 14 நாள். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போய், அப்படியே ஒரு கல்யாணத்தையும் முடித்துவிட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் கையில் இருந்ததால் எல்லா மெயிலும் அதில் இறங்கியிருக்கும். பட்டறையில் டெஸ்க்டாப்பைத் திறக்கும்போது முதல் வார மெயில்கள் சர்வரிலிருந்து போயிருக்கும். டெஸ்க்டாப்பின் இன்பாக்ஸில் நிரந்தரமாக ஒரு ஓட்டை விழுந்துவிட்டது, அது யாருக்கும் தெரியாது.

இன்பாக்ஸாவது பரவாயில்லை, பெரும்பகுதி இரண்டிலும் இருக்கும். பாப் முறையில் நீங்கள் அனுப்பிய மெயில், அனுப்பிய கணினியின் 'சென்ட்' ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கும். இன்னொரு கணினிக்கு அது வரவே வராது. என்ன விலை சொன்னோம், எந்த டிராயிங்கை அனுப்பினோம், எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டோம் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. மெயில்களைக் காப்பாற்றச் சொன்னால் எல்லோரும் இன்பாக்ஸைத்தான் கட்டிக்கொண்டு வருகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரே ஒரு ஃபோல்டரைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் 'சென்ட்' ஃபோல்டரை எடுப்பேன்.

சட்டப்படியும் காரணம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் பதிவேடுகளையும் அந்தந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இன்வாய்ஸ் பி.டி.எஃப். வேறு எங்கும் சேமிக்கப்படாமல் மெயில் இணைப்பாக மட்டுமே இருக்கும் கடைகள் ஏராளம்.

வாங்க வேண்டியது

ஒரு வெளி ஹார்டு டிஸ்க் போதும், இரண்டு இருந்தால் நிம்மதி. எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பில் கேட்டு வாங்குங்கள், சீல் உடைக்காத பெட்டியா என்று பாருங்கள். வாரண்டிக்கு அலைய நேர்ந்தால் அந்தப் பில்தான் பேசும். அலமாரியில் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் பேக்கப்புக்கு எஸ்.எஸ்.டி.யைவிட சுழலும் ஹார்டு டிஸ்க் பொருத்தம். விலையும் குறைவு.

பென் டிரைவில் எடுக்க நினைப்பவர்கள் அது எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபேட்-32 என்றால் 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றை ஃபைலை அது ஏற்காது. பல வருஷ இன்பாக்ஸ் ஒரே ஃபைலாக 6, 7 ஜிபி இருப்பது சாதாரணம். டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் 'இடமில்லை' என்ற மாதிரி செய்தி வந்தால் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். இல்லையென்றால் மழை நேரத்துச் சாயங்காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

முதலில் நெட்டைப் பிடுங்குங்கள்

வேலை தொடங்கும் முன் இரண்டு கணினியிலும் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். காரணம் ஐமேப். நீங்கள் ஹோஸ்டிங் (மெயில் சர்வர் தரும் நிறுவனம்) மாற்றியிருந்து, அதே சர்வர் பெயரில் இப்போது காலிப் பெட்டி இருக்கிறது என்றால், மெயில் நிரலைத் திறந்தவுடன் அது சர்வரைப் பார்த்து, 'அங்கே ஒன்றும் இல்லை, அப்படியானால் இங்கேயும் இருக்கக் கூடாது' என்று கணினியில் இருப்பதையும் காலி செய்துவிடும். கடைசியாக மிச்சம் இருந்த பிரதியும் அதோடு போகும். பழைய கணினியை வெகுநாள் கழித்துத் திறக்கிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஃபைல்கள் எங்கே இருக்கின்றன

தண்டர்பேர்டில் 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று இருக்கும். அதைத் திறந்து 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிக்கு எதிரே உள்ள 'ஓபன் ஃபோல்டர்' பொத்தானை அழுத்தினால் மெயில் இருக்கும் இடம் நேராகத் திறக்கும். விண்டோஸில் அது பயனர் பெயருக்குக் கீழே உள்ள ஆப்டேட்டா ஃபோல்டரில், ரோமிங் என்பதற்குள், தண்டர்பேர்டு, ப்ரொஃபைல்ஸ் என்று போகும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் தண்டர்பேர்டு ஃபோல்டர்தான் வழக்கமான இடம்.

ப்ரொஃபைலுக்குள் 'மெயில்' என்ற ஃபோல்டரில் பாப் கணக்குகளும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதும் இருக்கும். 'ஐமேப்மெயில்' என்பதில் ஐமேப் கணக்குகளின் பிரதி. இவற்றுக்குள் போனால் 'இன்பாக்ஸ்' என்று நீட்டிப்பு எதுவும் இல்லாமல் ஒரு பெரிய ஃபைல் இருக்கும். அந்த ஃபோல்டரின் எல்லா மெயிலும் அதற்குள்தான், ஒன்றன்பின் ஒன்றாக, வெறும் எழுத்தாக. இந்த வடிவத்துக்கு எம்பாக்ஸ் என்று பெயர். அதே பெயரில் எம்.எஸ்.எஃப். நீட்டிப்போடு ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அது அட்டவணை மட்டுமே, தொலைந்தாலும் தண்டர்பேர்டு திரும்ப உருவாக்கிக்கொள்ளும். எஸ்.பி.டி. நீட்டிப்போடு ஒரு ஃபோல்டர் இருந்தால், அதில் துணை ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஐமேப்மெயிலில் சில ஃபோல்டர்களுக்கு எம்.எஸ்.எஃப். மட்டும் இருந்து பெரிய ஃபைல் இல்லையென்றால், தலைப்புகள் மட்டுமே இறங்கியிருக்கின்றன, மெயிலின் உடல் கணினியில் இல்லை. சர்வர் இன்னும் உயிரோடு இருந்தால், நகலெடுத்து முடித்த பிறகு இணையத்தை இணைத்து அவற்றை முழுமையாக இறக்கிக்கொள்ள வேண்டும். 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தில் அதற்கான டிக் இருக்கிறது.

நகல் எடுப்பது

தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். பிறகு ப்ரொஃபைல் ஃபோல்டரை மொத்தமாக, எதையும் பொறுக்கி எடுக்காமல், வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். 'டூல்ஸ்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு வசதி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். 2 ஜிபிக்குள் அடங்கும் ப்ரொஃபைலுக்குத்தான் அது. அதற்கு மேல் இருந்தால் கையால் நகலெடுப்பதே வழி.

டிஸ்க்கில் ஃபோல்டர் பெயரிலேயே எந்தக் கணினி, என்ன தேதி என்று எழுதுங்கள். 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்தால் ஆறு மாசம் கழித்து எது எதென்று உங்களுக்கே தெரியாது.

நகல் சரிதானா என்று பார்க்க செவன்-ஜிப் நிரல் கைகொடுக்கும். அசல் ஃபோல்டரின் மேல் வலது க்ளிக் செய்து, 'சி.ஆர்.சி. ஷா' என்ற மெனுவில் ஷா-256 என்பதைத் தேர்ந்தெடுத்தால், எத்தனை ஃபைல், எவ்வளவு அளவு, அதன் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் எல்லாம் காட்டும். டிஸ்க்கில் உள்ள நகலுக்கும் அதையே செய்யுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு பைட்கூட மாறவில்லை. அந்த எண்ணை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு நகலோடு வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமின் 63-ஆம் பிரிவில், மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்டும்போது தர வேண்டிய சான்றிதழ் படிவத்திலேயே இந்த மாதிரி ஹாஷ் மதிப்புக்கு இடம் இருக்கிறது. பில் தொகைத் தகராறு என்று ஒன்று வந்தால் வக்கீல் முதலில் கேட்பது இதுவாக இருக்கலாம்.

இந்த இரண்டு நகல்களையும் இனிமேல் திறக்கக்கூடக் கூடாது. இணைக்கும் வேலை எல்லாம் இன்னொரு பிரதியில்தான்.

ஒரு எச்சரிக்கை. ப்ரொஃபைலில் சேமித்த பாஸ்வேர்டுகளும் சேர்ந்தே வருகின்றன. தண்டர்பேர்டில் பிரைமரி பாஸ்வேர்டு வைக்காதவர்களின் டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் மெயில் கணக்கே கிடைத்த மாதிரிதான். டிஸ்க்கை பிட்லாக்கராலோ வெராக்ரிப்டாலோ பூட்டி வையுங்கள்.

கணினி ஆன் ஆகவில்லை என்றால்

மதர்போர்டு போனாலும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கழற்றி, யு.எஸ்.பி.-சாட்டா கேபிள் மூலம் இன்னொரு கணினியில் மாட்டலாம். எம்.2 வகை என்றால் அதற்கென்று சின்னக் கூடு கிடைக்கும். எஸ்.பி. ரோட்டில் இரண்டும் உண்டு. ஆனால் விண்டோஸ் 10, 11 வந்த லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால், அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் கீ பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்குப் போவதற்கு முன்பே அதைத் தேடி எடுத்து வையுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கரண்டைத் துண்டித்துவிடுங்கள். அது மீட்பு நிபுணர்களின் வேலை, நாம் திரும்பத் திரும்ப முயன்றால் இருப்பதும் போகும்.

இணைக்கும் மேடை

புதிய கணினிதான் இனி நம் இணைக்கும் மேடை. அதில் தண்டர்பேர்டை நிறுவுங்கள், ஆனால் உங்கள் மெயில் கணக்கைச் சேர்க்காதீர்கள். 'அபவுட் ப்ரொஃபைல்ஸ்' பக்கத்தில் (ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்திலிருந்தே அதற்கு இணைப்பு உண்டு) வெறும் ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். கணக்கைக் கேட்டு வரும் திரையை ரத்து செய்துவிடலாம். நமக்கு வேண்டியது 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' மட்டும்தான். அது எந்தச் சர்வரோடும் பேசாது, அங்கே எதை அழித்தாலும் சேர்த்தாலும் வெளியே எதுவும் மாறாது.

பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். அதனால் மேடையில் இருப்பது இரண்டு பழைய கணினிகளில் உள்ளதைவிடப் புதிய பதிப்பாக இருக்கட்டும்.

இப்போது 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே இரண்டு ஃபோல்டர் உருவாக்குங்கள், ஒன்றுக்கு ஆபீஸ், இன்னொன்றுக்கு வீடு. டிஸ்க்கில் குழப்பம் வராமல் இருக்க இந்தப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே தற்காலிகமாக ஒரு துணை ஃபோல்டர் போடுங்கள், அப்போதுதான் எஸ்.பி.டி. ஃபோல்டர் டிஸ்க்கில் உருவாகும். தண்டர்பேர்டை மூடுங்கள். டெஸ்க்டாப்பின் நகலிலிருந்து இன்பாக்ஸ், சென்ட் முதலான நீட்டிப்பில்லாத ஃபைல்களையும் எஸ்.பி.டி. ஃபோல்டர்களையும் எடுத்து ஆபீஸின் எஸ்.பி.டி. ஃபோல்டருக்குள் நகலெடுத்துப் போடுங்கள். எம்.எஸ்.எஃப். ஃபைல்களை விட்டுவிடலாம். லேப்டாப்பிலிருந்து வந்தவை வீட்டுக்கு. பிறகு தண்டர்பேர்டைத் திறந்தால் இரண்டு கணினியின் மெயிலும் ஒரே திரையில், தனித்தனி ஃபோல்டர் மரமாகத் தெரியும். பெரிய ஃபோல்டர் திறக்க நேரம் பிடிக்கும், அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறது, பொறுங்கள்.

ஃபைலை நேராக நகலெடுக்க யோசிப்பவர்களுக்கு 'இம்போர்ட்-எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்.ஜி.' என்ற ஆட்-ஆன் (தண்டர்பேர்டோடு சேர்க்கும் துணை நிரல்) இருக்கிறது. எம்பாக்ஸ் ஃபைலையும், ஒரு மெயிலுக்கு ஒன்றாகத் தனித்தனியாக இருக்கும் ஈ.எம்.எல். ஃபைல்களையும் மெனு வழியாகவே உள்ளே கொண்டுவரும்.

இனி ஒவ்வொரு ஃபோல்டரிலும் வலது க்ளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'ரிப்பேர் ஃபோல்டர்' ஒருமுறை அழுத்துங்கள். அங்கேயே மெயில் எண்ணிக்கையும் அளவும் தெரியும். ஒரு தாளில் எழுதுங்கள். ஃபோல்டர் பெயர், ஆபீஸ் எண்ணிக்கை, வீட்டு எண்ணிக்கை, மிகப் பழைய மெயிலின் தேதி, மிகப் புதிய மெயிலின் தேதி. இந்தத் தாள் இல்லாமல் மேலே போகாதீர்கள், பின்னால் கணக்கு நேராகிறதா என்று பார்க்க இது ஒன்றுதான் ஆதாரம்.

அடுத்து 'காம்பேக்ட்'. தண்டர்பேர்டில் ஒரு மெயிலை அழித்தால் அது எம்பாக்ஸ் ஃபைலிலிருந்து உடனே போவதில்லை, 'அழிந்தது' என்ற குறி மட்டும் விழும். காம்பேக்ட் செய்யும்போதுதான் உண்மையில் நீங்கும். அந்தக் குறியைப் புரிந்துகொள்ளாத வேறு நிரலில் இந்த ஃபைலைத் திறந்தால், என்றோ தூக்கிப் போட்ட விளம்பர மெயில்கள் எல்லாம் எழுந்து வரும். மேடையில் இருக்கும் பிரதியை மட்டும் காம்பேக்ட் செய்யுங்கள். பூட்டிவைத்த நகல்களில் வேண்டாம். அழித்தது தப்பு என்று பிறகு தோன்றினால் அங்கிருந்து மீட்க வாய்ப்பு இருக்கும்.

ஒன்று சேர்ப்பது

'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே மூன்றாவதாக ஒரு மரம் தொடங்குங்கள். அதில் வருஷ வாரியாக ஃபோல்டர், ஒவ்வொரு வருஷத்துக்கும் 'வந்தவை', 'அனுப்பியவை' என்று இரண்டு. மொத்தத்தையும் ஒரே இன்பாக்ஸில் கொட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பெரிய ஃபைல் கெட்டுப்போனால் எல்லாம் போகும், வருஷ வாரியாக இருந்தால் ஒரு வருஷத்தோடு நிற்கும். முடிந்துபோன வருஷங்களின் ஃபைல் மாறுவதே இல்லை என்பதால் அடுத்தடுத்த பேக்கப்பும் எளிது. ஆடிட்டர் கேட்டால் நிதியாண்டு வாரியாகப் பிரித்துக்கொள்வதும் நல்லதுதான், ஏப்ரல் முதல் மார்ச் வரை.

ஆபீஸ் மரத்தின் இன்பாக்ஸைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். அந்த வருஷத்தின் முதல் மெயிலை க்ளிக் செய்து, ஷிஃப்டைப் பிடித்தபடி கடைசி மெயிலை க்ளிக் செய்தால் நடுவில் உள்ளது எல்லாம் தேர்வாகும். வலது க்ளிக், 'காப்பி டு', உரிய ஃபோல்டர். 'மூவ்' வேண்டாம், 'காப்பி' மட்டும். நடுவில் கரண்ட் போனாலும் மூலம் அப்படியே இருக்கும். ஒரேயடியாகப் பல்லாயிரம் மெயிலைத் தூக்காமல் இரண்டாயிரம், மூவாயிரமாகப் போங்கள். ஆபீஸ் முடிந்ததும் வீட்டு மரத்துக்கும் அதே மாதிரி.

வரிசைப்படுத்தும்போது விநோதமான தேதிகளில் சில மெயில்கள் ஒதுங்கி நிற்கும். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்துபோன பழைய டெஸ்க்டாப்களில், கடிகாரம் பின்னால் போய்விடும். அந்தக் காலத்தில் அனுப்பிய மெயிலின் தேதியும் அப்படியே பதிவாகியிருக்கும். உள்ளே இருக்கும் பதில், இன்வாய்ஸ் எண் இவற்றைப் பார்த்து உரிய வருஷத்தில் கையால் போட வேண்டியதுதான்.

இரட்டை மெயில்களைக் களைவது

ஒவ்வொரு மெயிலின் தலைப்புப் பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்று ஒன்று இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த மெயிலுக்கும் அது இருக்கக் கூடாது என்பதுதான் மின்னஞ்சல் தரம் சொல்வது. ஒரே மெயில் இரண்டு கணினியில் இறங்கியிருந்தால் இரண்டிலும் அதே ஐடிதான் இருக்கும். எனவே எது நகல் என்று கண்டுபிடிக்கச் சரியான அளவுகோல் அதுவே. தலைப்பையும் தேதியையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால், ஒரே நிமிஷத்தில் அடுத்தடுத்துப் போன 'பேமெண்ட் ரிமைண்டர்' மெயில்கள் ஒன்றாகிவிடும். அளவை வைத்து ஒப்பிடுவதும் சரிவராது. ஒரு கணினியில் ஆன்டிவைரஸ் மெயிலுக்குள் தன் வரியைச் சேர்த்திருந்தால் ஒரே மெயில் இரண்டு அளவில் இருக்கும்.

தண்டர்பேர்டின் ஆட்-ஆன் பக்கத்தில் 'ரிமூவ் டூப்ளிகேட் மெசேஜஸ்' என்று தேடினால் கிடைக்கும். உங்கள் பதிப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மாதாமாதம் வரும் பதிப்புகளில் சில ஆட்-ஆன்கள் வேலை செய்யாது, நீண்டகால ஆதரவுள்ள ஈ.எஸ்.ஆர். பதிப்பில் சிக்கல் குறைவு. அமைப்புகளில் மெசேஜ்-ஐடி ஒப்பீட்டை இயக்குங்கள், அளவு, வரி எண்ணிக்கை இரண்டையும் எடுத்துவிடுங்கள். கிடைத்தவற்றை நிரந்தரமாக அழிக்காமல் ட்ராஷுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஃபோல்டரையும் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். 'வந்தவை'யையும் 'அனுப்பியவை'யையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கே சி.சி. போட்டு அனுப்பிய மெயில் இரண்டிலும் ஒரே ஐடியோடு இருக்கும், ஆட்-ஆன் அதில் ஒன்றைத் தூக்கிவிடும். அது அனுப்பியவையில் இருந்ததாக இருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

முடிந்ததும் தாளை எடுங்கள். ஒரு கணக்குக்கு, வந்தவை ஆபீஸில் 18,400, வீட்டில் 11,250, ட்ராஷுக்குப் போனது 8,900 என்று வைத்துக்கொண்டால், ஒன்றான மரத்தில் எல்லா வருஷமும் சேர்த்து 20,750 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எந்த வருஷத்தில் குறைகிறது என்று தேடிப் பிடியுங்கள். 'அனுப்பியவை'யில் இரட்டை கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. நூற்றுக்கணக்கில் வந்தால், யாரோ முன்பே ஒருமுறை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்திருக்கிறார்கள், அல்லது அளவுகோல் தப்பாக இருக்கிறது. ட்ராஷில் பத்து இருபது மெயிலைத் திறந்து, அவை ஒன்றான மரத்திலும் இருக்கின்றனவா, இணைப்பு திறக்கிறதா என்று பார்த்த பிறகே ட்ராஷைக் காலி செய்யுங்கள்.

பழைய தமிழ் மெயில் கோணல் மாணலாகத் தெரிந்தால்

பயப்படாதீர்கள், ஃபைல் கெடவில்லை. யூனிகோடு பரவலாகும் முன் எழுதிய தமிழ் மெயில்கள் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியேற்றங்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். டாப், டாம் இரண்டும் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டவை. அந்தக் காலத்து மெயில் வைத்திருக்கிறவர்கள் பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களையும் நகலெடுத்து பேக்கப்போடு சேர்த்து வையுங்கள். கணினி போய்விட்டால் அந்த எழுத்துருவைத் தேடுவதே பெரிய வேலை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் ஒட்டினால் யூனிகோடாகிவிடும். ஆனால் மாற்றியதைத் தனி ஃபைலாக வையுங்கள், மூல மெயிலைத் தொட வேண்டாம்.

அதே மாதிரி, ஐமேப்பில் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் டிஸ்க்கில் 'அண்ட்' குறியில் தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக இருக்கலாம். குப்பை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அவற்றையும் நகலெடுத்து உள்ளே போய்ப் பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு

கிளாசிக் அவுட்லுக்கில் பாப் மெயில்கள் பி.எஸ்.டி. ஃபைலில் இருக்கும், பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில். ஓ.எஸ்.டி. என்று இருந்தால் அது சர்வர் கணக்கின் தற்காலிகப் பிரதி. அதை நகலெடுத்து வேறு கணினியில் திறக்க முடியாது, அந்தக் கணினியிலேயே அவுட்லுக்கைத் திறந்து பி.எஸ்.டி.யாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். கணினியை ஃபார்மட் செய்யும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அவுட்லுக்கை மூடி பி.எஸ்.டி. ஃபைல்களை டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஷா-256 சரிபாருங்கள். பிறகு வேலைப் பிரதியில், புதிதாக ஒரு பி.எஸ்.டி. உருவாக்கி, 'ஃபைல்', 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்-எக்ஸ்போர்ட்' வழியாக முதலில் ஆபீஸ் பி.எஸ்.டி.யை உள்ளே கொண்டுவாருங்கள், அடுத்து வீட்டு பி.எஸ்.டி. இரண்டாவது முறை 'டு நாட் இம்போர்ட் டூப்ளிகேட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். அது ஓரளவுக்குத்தான் வேலை செய்யும், ஃபோல்டர் இடம் மாறியிருந்தால் பிடிக்காது.

2003-க்கு முந்தைய அவுட்லுக்கின் பி.எஸ்.டி.க்கு 2 ஜிபி எல்லை உண்டு, அதை ஒட்டி நிற்கும் ஃபைல் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். 2010-லிருந்து இயல்பான எல்லை 50 ஜிபி. கெட்ட ஃபைலைச் சரிசெய்ய அவுட்லுக்கோடு வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற கருவியைப் பிரதியில் மட்டும் ஓட்டுங்கள், பிழை இல்லை என்று சொல்லும் வரை பலமுறை ஓட்ட வேண்டியிருக்கலாம். பி.எஸ்.டி.யை நெட்வொர்க் டிரைவில் வைத்துக்கொண்டு இரண்டு கணினியிலிருந்தும் திறப்பது என்ற யோசனையை விட்டுவிடுங்கள், ஃபைலைக் கெடுக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஒரு கணினியில் அவுட்லுக், இன்னொன்றில் தண்டர்பேர்டு என்றால், விண்டோஸில் கிளாசிக் அவுட்லுக் இருக்கும் கணினியிலேயே தண்டர்பேர்டை நிறுவி 'இம்போர்ட்' செய்யலாம். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு 'ரீட்பிஎஸ்டி' என்ற கருவி பி.எஸ்.டி.யை எம்பாக்ஸாக்கித் தரும். ஜிமெயிலை நடுவில் வைத்து ஐமேப் வழியாக ஏற்றி இறக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். முடியும், ஆனால் ஐமேப் மூலம் ஒரு நாளைக்கு ஏற்ற 500 எம்பி எல்லை இருக்கிறது. இலவசக் கணக்கின் இடமே டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாவற்றோடும் சேர்த்து 15 ஜிபிதான். சின்ன அளவுக்கு மட்டும் பரவாயில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் டி.பி.எக்ஸ். ஃபைல்கள். அந்தக் கணினி ஓடினால், மெயில்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டால் ஈ.எம்.எல். ஃபைல்களாக விழும். விண்டோஸ் லைவ் மெயில் முதலிலிருந்தே ஈ.எம்.எல்.தான். இரண்டையும் முன்சொன்ன ஆட்-ஆன் ஏற்கும்.

முகவரிப் புத்தகம்

இரண்டு கணினியிலிருந்தும் வி-கார்டு என்ற முகவரி ஃபைல் வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்து மேடையில் இம்போர்ட் செய்யுங்கள். சி.எஸ்.வி.யாக எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் எக்செலில் சிதறித் தெரியக்கூடும். லிப்ரே ஆபீஸில் யு.டி.எஃப்.-8 என்று சொல்லித் திறங்கள். 'கலெக்டட் அட்ரஸஸ்' என்பதையும் எடுக்க மறக்காதீர்கள். ஒரே ஒருமுறை மெயில் அனுப்பிய சப்ளையர்கள் எல்லாம் அதில்தான் இருப்பார்கள்.

ஒன்றானதை எங்கே வைப்பது

ஒன்றான மரம் புதிய கணினியில் ஒன்று, வீட்டு அலமாரியில் இருக்கும் டிஸ்க்கில் ஒன்று, பெங்களூருக்கு வெளியே ஒன்று. ஓசூரில் அக்காவோ தம்பியோ இருந்தால் அடுத்த முறை போகும்போது இரண்டாவது டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், பூட்டி. பாஸ்வேர்டை டிஸ்க்கின் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டாதீர்கள். தொடாமல் வைத்த இரண்டு மூல நகல்களும் அந்த டிஸ்க்குகளிலேயே இருக்கட்டும்.

அப்புறம், இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது கணினி ஒன்றில் டிஸ்க்கைச் செருகி, தண்டர்பேர்டில் ஒரு வருஷத்தையாவது திறந்து, ஒரு இன்வாய்ஸைத் தேடி எடுத்துப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இனி இதே சிக்கல் வராமல் இருக்க, கணக்கை ஐமேப்புக்கு மாற்றி இரண்டு கணினியிலும் போடுங்கள். அனுப்பியவையும் சர்வரில் இருக்கும்படி 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பக்கத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங்கில் இடம் குறைவு என்பதால் பாப்பைத்தான் வைக்க வேண்டும் என்றால், சர்வரிலிருந்து அழிக்கும் உரிமை ஒரே ஒரு கணினிக்கு மட்டும். இன்னொன்றில் 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' டிக் இருக்கட்டும், நாள் கெடு வேண்டாம்.

பழைய கணினியை ஒரு ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் முடியும் வரை விற்காதீர்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியவரும். விற்கும்போது ஃபைல்களை அழித்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போதாது, மீட்பு நிரல் வைத்து யாரும் எடுத்துவிடுவார்கள். ஹார்டு டிஸ்க் என்றால் முழுவதும் மேலெழுதி அழிக்க வேண்டும், எஸ்.எஸ்.டி. என்றால் தயாரிப்பாளரின் செக்யூர் எரேஸ் கருவியைப் பயன்படுத்த வேண்டும். கணினி ஆன் ஆகாத நிலையில் அதே கணினியில் அது எதுவும் முடியாது. அப்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை மட்டும் செகண்ட்ஹேண்ட் கடையில் கொடுங்கள், விலையில் பெரிய வித்தியாசம் வராது.